நட்டை வட்டமாக்கியவர்கள்

சான் ஆண்ட்ரியாஸில் ஒரு டோனட் கடை இருக்கிறது. பெயர் டஃப் நட். டோனட்டில் வரும் 'நட்'டும் போல்ட்டில் மாட்டும் நட்டும் ஒன்றாகிப்போகிற ஒரு சின்னச் சொல்விளையாட்டு. அதனால் கடையின் பெயர்ப்பலகையோடு ஒரு பெரிய அறுகோண நட்டு நிற்கும். ஜிடிஏ விளையாடிய பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கவனித்தவர்களுக்கு ஒரு நொடிச் சிரிப்பு. இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஆறு மூலையையும் இழுத்து இழுத்து அமைத்து வைத்த சிரிப்பு அது.

2021 நவம்பர் 11 அன்று அந்த கேமின் புதுப்பித்த பதிப்பு வந்தது. ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் சேர்த்துக் கட்டி, 'த டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று பெயர் வைத்தார்கள். முடிவான பதிப்பு, இதற்கு மேல் பேச்சே கிடையாது என்று அர்த்தம். அதில் நட்டு வட்டமாக இருந்தது. ஆறு மூலையும் மழுங்கி, டயர் மாதிரி. கருவி செய்ததோ கை செய்ததோ, வெளியே அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கடை வாசலில் ஒருவரும் ஒரு நிமிடம் நின்று பார்க்கவில்லை. கடைப் பலகைகளைச் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். சில பலகைகளில் எழுத்துப்பிழை புதிதாக முளைத்திருந்தது. மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடு, ரோடே தெரியாது. மூடுபனியை எடுத்துவிட்டார்கள். பழைய கேமில் மூடுபனி, அன்றைய பிளேஸ்டேஷன் 2-ஆல் தூரத்தில் இருப்பதை வரைய முடியாததற்குச் செய்த சமாளிப்பு. ஆனால் அந்தச் சமாளிப்புதான் ஊரைப் பெரிதாக்கியது. பனியை எடுத்ததும், மூன்று நகரங்களும் ஒரு பாலைவனமும் கொண்ட மாநிலம் என்று நாம் நம்பிய இடம், மலை மேல் ஏறிப் பார்த்தால் ஒரு பெரிய மைதானம் அளவுக்குத்தான் இருந்தது.

சொதப்பல் எல்லாருக்கும் வரும். நானும் மென்பொருள் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரமாக அனுப்பிவிட்டு சனிக்கிழமை முழுக்க அழுதிருக்கிறேன். என் கோபம் அந்த நட்டின் மீது இல்லை. அது வெளிவருவதற்கு முந்தைய மாதங்களில் நடந்ததன் மீது.

2021 பிப்ரவரியில், ஜிடிஏ 3, வைஸ் சிட்டி இரண்டின் நிரலையும் ரசிகர்கள் சிலர் வருடக்கணக்கில் உட்கார்ந்து பின்னோக்கிப் பிரித்து, படிக்கக்கூடிய வடிவில் திரும்ப எழுதிய 'ரீ3' என்ற முயற்சியை கிட்ஹப்பிலிருந்து எடுக்க வைத்தது, ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ. அந்த வருடமே, பல காலமாக யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்த வேறு பல மாட்களையும் நீக்கச் சொன்னது. செப்டம்பரில் ரீ3 ஆட்கள் மீது கலிஃபோர்னியாவில் வழக்கு. அக்டோபரில் பழைய மூன்று கேம்களையும் டிஜிட்டல் கடைகளிலிருந்து இறக்கினார்கள். ஆக, மாட் போட்டவரை விரட்டியாச்சு, மூலத்தையும் அலமாரியிலிருந்து எடுத்தாச்சு, இனி எங்கள் வட்ட நட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியான கையோடு கணினிப் பதிப்பையே சில நாள் விற்பனையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. நவம்பர் 19 அன்று மன்னிப்புக் கேட்டார்கள். பழைய கேம்களைத் தங்கள் கடையில் திரும்ப வைப்பதாகவும் சொன்னார்கள். ரசிகர்கள் கத்தியதால்தான் மூலம் திரும்பி வந்தது. கத்தாமல் இருந்திருந்தால்?

என் வாதம் இதுதான். பழைய கேமை மேம்படுத்தும் மாட்காரர் அந்த கேமுக்கு வெளியிலிருந்து வந்த திருடர் இல்லை. பெரும்பாலான சமயங்களில், அந்த கேமை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். காகிதத்தில் உரிமை வைத்திருப்பவர் அதை மறுபடி திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

உதாரணம் ஒன்றை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது சமீபத்தில் நான் படித்ததிலேயே அழகான துப்பறியும் கதை.

2024 கடைசியில் விண்டோஸ் 11-க்கு 24எச்2 என்று ஒரு அப்டேட் வந்தது. அதைப் போட்டவர்கள் பழைய சான் ஆண்ட்ரியாஸைத் திறந்தபோது, ஸ்கிம்மர் என்ற நீர்விமானத்தைக் காணவில்லை. படகுத்துறையில் நிற்க வேண்டியது, இல்லை. வலுக்கட்டாயமாக அதை வரவழைத்து ஏறி உட்கார்ந்தால், ஆள் விமானத்தோடு வானத்துக்கு வீசப்பட்டான். எவ்வளவு உயரம்? கிலோமீட்டரில் சொல்ல முடியாது, ஒளியாண்டுகளில்தான் சொல்ல வேண்டும். எல்லாரும் மைக்ரோசாஃப்ட்டைத் திட்டினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

'சைலன்ட்பேட்ச்' என்று ஒரு மாட் இருக்கிறது. ஜிடிஏவின் பழைய பிழைகளை வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வருவது. அதை எழுதும் புனைபெயர்க்காரர் இதைத் தோண்டினார். கேமில் வண்டிகளின் விவரமெல்லாம் ஒரு சாதாரண உரைக்கோப்பில் இருக்கிறது, வண்டிக்கு ஒரு வரி. பெயர், வகை, சக்கரத்தின் அளவு இப்படி. ஸ்கிம்மரின் வரியில் சக்கர அளவு இல்லை. ஏன் இல்லை? முந்தைய கேமான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகு என்ற வகையில் இருந்தது. படகுக்கு ஏது சக்கரம்? சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானம் என்று மாற்றிய ஆள், விமானத்துக்கு வேண்டிய மிச்ச எண்களைச் சேர்க்க மறந்துவிட்டார். 2004இல் நடந்த மறதி.

அப்படியானால் இருபது வருடம் எப்படி ஓடியது? இங்கேதான் விஷயம். ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வாத்தியார் கரும்பலகையின் மூலையில் ஒரு எண்ணை எழுதிவிட்டு, அழிக்காமல் போகிறார். அடுத்த வாத்தியார் வந்து, "மூலையில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். ஆனால் அவர் எதையும் எழுதவில்லை. பையன்கள் முன்னவர் விட்டுப்போன எண்ணையே எழுதிக்கொள்கிறார்கள். விடை ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. ஸ்கிம்மரும் அப்படித்தான் தனக்கு முந்தைய வரியில் இருந்த வண்டியின் சக்கர அளவை இரவல் வாங்கிக்கொண்டு இருபது வருடம் பறந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் விண்டோஸும் அதே பலகையில் கொஞ்சம் கிறுக்கும், ஆனால் அந்த மூலையைத் தொட்டதில்லை. 24எச்2-வில் உள்ளே ஏதோ ஒன்றை மாற்றியதும் கிறுக்கல் கொஞ்சம் நீண்டு மூலை வரை வந்துவிட்டது. சக்கர அளவு குப்பை எண்ணாகி, விமானம் ஒளியாண்டு உயரத்துக்குப் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் மேல் தப்பே இல்லை. பலகையை அழித்து எழுதாத ஆளின் தப்பு.

திருத்தம் சில வரிகள்தான். ஆனால் அந்தச் சில வரிக்கு வந்து சேர, அவர் கேமின் இயந்திர மொழியையும் விண்டோஸின் உள்வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறார். கூலி கிடையாது. நான் வேலை பார்க்கும் இடத்தில் பதினைந்து வயதான ஒரு நிரல் இருக்கிறது. எழுதியவர் போய்விட்டார். "அதைத் தொடாதே, ஓடுது இல்ல" என்பதுதான் அதைப் பற்றி எங்களிடம் இருக்கும் ஒரே ஆவணம். காசு வாங்கும் நாங்கள் தொடப் பயப்படுகிற மாதிரியான ஒன்றை, காசு வாங்காத ஒருவர் வரி வரியாக வாசிக்கிறார் என்றால், அதை என்ன சொல்லி அழைப்பது? டேக்-டூவின் வக்கீல்களிடம் ஒரு சொல் இருக்கும். என்னிடம் வேறு சொல் இருக்கிறது: பதிப்பாசிரியர்.

ஓலையை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்க்கிற வேலைதான் இது. மூலத்தில் கை வைக்காமல், "இங்கே இப்படி இருந்திருக்க வேண்டும்" என்று பக்கத்தில் எழுதி வைப்பது. சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை, நுட்ப அளவிலேயே அப்படித்தான். பழைய ஹேக்குகள் பலவும் ஐபிஎஸ் என்ற கோப்பு வடிவில்தான் வரும். அதைத் திறந்து பார்த்தால் கேம் அதில் இருக்காது. இத்தனையாவது பைட்டில் இருப்பதை எடு, இதைப் போடு. அடுத்து அத்தனையாவது பைட்டுக்குப் போ. இவ்வளவுதான். வித்தியாசம் மட்டும். மூலம் உங்களிடம் இல்லையென்றால் அந்தக் கோப்பு வெறும் குப்பை. பிடிக்கவில்லையென்றால் பேட்ச் போடாத பிரதியை எடுத்து விளையாடலாம், உங்கள் மூலம் அப்படியே கிடக்கும். முடிவான பதிப்போ மூலத்தை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டு அந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. யார் மூலத்தை மதிக்கிறார்கள் என்று இனி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

"ஆனால் படைப்பாளியின் நோக்கம்?" என்று ஒரு கேள்வி வரும். இலக்கியம் படிக்கிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், மாட் ஆதரவாளர்கள் அதை மழுப்பிவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

சூப்பர் நின்டெண்டோவில் கிரேடியஸ் 3 என்று ஒரு விண்கல விளையாட்டு. எதிரிகளும் குண்டுகளும் கூடினால் அந்தப் பெட்டியின் மூளை திணறி, கேம் மொத்தமும் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். 2019இல் விட்டோர் விலேலா என்ற பிரேசில்காரர், எஸ்ஏ-1 என்ற துணைச் சில்லைப் பயன்படுத்தும்படி அதை மாற்றி எழுதினார். அந்தச் சில்லு நின்டெண்டோவே அந்தக் காலத்தில் வேறு சில கார்ட்ரிட்ஜ்களில் வைத்ததுதான். திணறல் போய்விட்டது, கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. கூடவே ரொம்பக் கஷ்டமாகிவிட்டது! ஏனென்றால் அந்தத் திணறல்தான் குண்டுகளுக்கு நடுவில் நெளிந்து தப்பிக்க நமக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தது. பிழை விளையாட்டின் பகுதியாகிவிட்டிருந்தது, சான் ஆண்ட்ரியாஸ் மூடுபனி மாதிரியே. அப்படியென்றால் விலேலா செய்தது மேம்பாடா, சிதைப்பா? இரண்டும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது, போட்டுப் பார்த்துவிட்டு நாம் சண்டை போடலாம். சண்டை போட முடிவதே இரண்டும் இருப்பதால்தான்.

நோக்கம் என்று சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நைட்ஸ் ஆஃப் த ஓல்ட் ரிபப்ளிக் 2, 2004 டிசம்பரில் விடுமுறை விற்பனைக்காக அவசரம் அவசரமாக வெளியே தள்ளப்பட்ட ஸ்டார் வார்ஸ் கேம். கடைசிப் பகுதி அரைகுறை. பாத்திரங்கள் பாதியில் காணாமல் போவார்கள். ஆனால் வட்டின் உள்ளே, வெட்டிப் போட்ட காட்சிகளும் பேசிப் பதிவு செய்த வசனங்களும் அப்படியே கிடந்தன. ரசிகர்கள் அதையெல்லாம் எடுத்துத் தைத்து 'ரெஸ்டோர்டு கன்டென்ட்' மாட் என்று கொண்டுவந்தார்கள். இங்கே படைப்பாளியின் நோக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது? கடையில் விற்ற வட்டிலா, ரசிகர் தைத்ததிலா? 2022இல் அந்த கேம் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்தபோது, அந்த வெட்டுப்பட்ட பகுதியும் பின்னால் இலவசமாக வரும் என்று விளம்பரத்திலேயே சொன்னார்கள். 2023 ஜூனில் வராது என்று கைவிரித்தார்கள். கணினியில் அந்த மாட் இன்றும் கிடைக்கிறது.

வேம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ் கதை இன்னும் மோசம், இன்னும் நல்லது. 2004 நவம்பர் 16, ஹாஃப்-லைஃப் 2 வெளியான அதே நாளில் வெளியானது. யானைக்குப் பக்கத்தில் கடை போட்ட மாதிரி. பிழைகள் குவியலாக இருந்தன. செய்த ட்ராய்க்கா நிறுவனம் அடுத்த பிப்ரவரியிலேயே மூடப்பட்டது. அதற்கப்புறம் அதைத் திருத்தியது வெர்னர் ஸ்பால் என்ற ஜெர்மானியர். தொழில் வேதியியல். இருபது வருடம் தாண்டியும் திருத்திக்கொண்டிருக்கிறார். அவருடைய பேட்ச்சில் இரண்டு வகை: பிழைகளை மட்டும் சரிசெய்யும் 'பேசிக்', விடுபட்டதைச் சேர்க்கும் 'பிளஸ்'. எது வேண்டும் என்று நிறுவும்போதே கேட்கும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கோடிக்கணக்கில் பணம் புரளும் கம்பெனிகளுக்குத் தெரியவில்லை. இன்று ஜிஓஜி கடையில் அந்த கேமை வாங்கினால் ஸ்பாலின் பேட்ச்சும் சேர்ந்தேதான் வருகிறது.

இந்த இடத்தில் எனக்கு நானே ஒரு கொட்டு வைத்துக்கொள்கிறேன். மாட்காரர்களைப் புகழ்ந்துகொண்டே போனால், கம்பெனிக்காரன் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவான். இலவசமாக வேலை நடக்கிறதே! ஐடியில் இருப்பவர்களுக்குத் தெரியும், 'பேஷன்' என்ற சொல் எப்போதெல்லாம் வாயில் வருகிறதோ அப்போதெல்லாம் சம்பளத்தில் ஏதோ குறையப்போகிறது. 2012இல் டார்க் சோல்ஸ் கணினிக்கு வந்தபோது, திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 720 வரிகளில்தான் உள்ளே வரையும். வெளியான உடனேயே பீட்டர் தோமன் என்ற ஆஸ்திரியக் கணினி ஆய்வாளர் டிஎஸ்ஃபிக்ஸ் என்று ஒரு மாட் போட்டு அதைச் சரிசெய்தார். காசு கொடுத்து வாங்கியவர்கள், முதல் வேலையாக ஒரு ரசிகரின் கோப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கம்பெனிக்குக் காசு, தோமனுக்கு நன்றி. பின்னால் அவர் சொந்த நிறுவனம் தொடங்கி இந்த வேலையைத் தொழிலாகவே செய்கிறார், நல்லது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

மாட் உலகம் புனிதர்களின் மடமும் இல்லை. பழைய கேமின் ரோட்டையெல்லாம் ஈரமாக்கி, ஒவ்வொரு குட்டையிலும் நியான் விளக்கு பிரதிபலிக்கிற மாதிரி செய்து, "ரியலிஸ்டிக்" என்று போடுவார்கள் பாருங்கள், அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: உங்கள் ஊரில் மழை விடவே விடாதா? அதுவும் நட்டை வட்டமாக்கும் புத்திதான். ஆனால் அவர்கள் என் வீட்டுப் பிரதியை வந்து பிடுங்குவதில்லை.

பிடுங்குவது யார் என்று பார்ப்போம். 2020 ஜனவரியில் பிளிசார்ட், வார்கிராஃப்ட் 3-ஐ 'ரீஃபோர்ஜ்டு' என்று புதுப்பித்தது. பழையதை முன்பே காசு கொடுத்து வாங்கியவர்கள் இணையத்தில் விளையாடப் போனால் அவர்களுக்கும் புதிய நிரல்தான். அதில் பழையதில் இருந்த சில வசதிகளே இல்லை. கூடவே ஒரு புது விதி: இதை வைத்து ரசிகர்கள் உருவாக்கும் எந்த விளையாட்டும் பிளிசார்டுக்கே சொந்தம். காரணம் எல்லாருக்கும் தெரியும். வார்கிராஃப்ட் 3-இல் ரசிகர்கள் செய்த டோட்டா என்ற மாட், ஒரு புதிய விளையாட்டு வகையையே உருவாக்கி, கடைசியில் வால்வ் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கும் 1999இல் ஹாஃப்-லைஃபுக்கு ரசிகர்கள் போட்ட மாட்தான். நம் கல்லூரி லேப்களில் வாத்தியார் வெளியே போனதும் ஓடிய விளையாட்டு, ஒரு கம்பெனி மேசையில் பிறந்தது இல்லை.

எங்கள் ஹாஸ்டலில் சுற்றிய சான் ஆண்ட்ரியாஸ் திருட்டு சிடிதான், மறைக்க என்ன இருக்கிறது. அளவைக் குறைப்பதற்காக யாரோ வானொலியையே வெட்டி எடுத்திருந்தார்கள். கார் ஓட்டினால் என்ஜின் சத்தம் மட்டும். சம்பளம் வந்த பிறகு காசு கொடுத்து வாங்கி, அந்தப் பாடல்களை முதல்முறை கேட்டபோது, வேறு ஏதோ கேமை வாங்கிவிட்டோமோ என்று தோன்றியது. 2014இல் அந்தப் பாடல்கள் சிலவற்றுக்கான உரிமம் முடிந்ததால், அப்டேட் என்ற பெயரில் கம்பெனியே அவற்றை வெட்டியது. 2018இல் ஜிடிஏ 4-க்கும் அதேதான். சிடி போட்டவன் இடம் போதாமல் வெட்டினான், இவர்கள் உரிமம் போதாமல் வெட்டினார்கள். பாடல்களைத் திரும்பப் போடும் வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மாட்காரர்கள். காசு கொடுத்து வாங்கியவர், தான் வாங்கியதை அப்படியே வைத்திருக்க, சட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவரின் உதவியை நாட வேண்டியிருக்கிறது.

சட்டம் என்று வந்துவிட்டதால்: வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கக் கொடுக்கலாமா என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் கேட்டார்கள். 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. கேம் கம்பெனிகளின் சங்கம் அதை எதிர்த்து வாதாடியது. விற்கவும் மாட்டோம், படிக்கவும் விட மாட்டோம். இதற்குப் பெயர் சொத்துரிமை என்றால், சரி, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாதுகாப்பு, மரபு, ரசிகர்களுக்கு நன்றி என்றெல்லாம் விளம்பரத்தில் போடாதீர்கள்.

நம் ஊர்ச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கிய பிரதியிலிருந்து, வணிக நோக்கமில்லாமல், சொந்த உபயோகத்துக்காக ஒரு கணினி நிரலை நகலெடுப்பதையும் தழுவி மாற்றுவதையும் மீறலாகக் கருதுவதில்லை. அதன் தத்துவங்களைப் புரிந்துகொள்வதற்காக அது இயங்கும் விதத்தை ஆராய்வதையும் அனுமதிக்கிறது. மாற்றியதை ஊருக்கெல்லாம் கொடுப்பது வேறு விஷயம். ஆனால் உங்கள் பிரதியைத் திறந்து பார்ப்பது குற்றம் என்ற அந்தப் பயம் இருக்கிறதே, அதை முதலில் விடுங்கள்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது தர்மம் இல்லை. ஐடி சாஃப்ட்வேர், தன் கல்லாப்பெட்டியான டூமின் மூல நிரலை 1997 டிசம்பரிலேயே வெளியிட்டது. படங்களும் ஒலியும் அவர்களுடையதாகவே இருந்தன. விளையாட வேண்டுமென்றால் கேமை வாங்கத்தான் வேண்டும். நிரல் மட்டும் எல்லாருக்கும். டூம் செத்துவிட்டதா? கால்குலேட்டர் வரை எல்லாவற்றிலும் ஓடுகிறது, கம்பெனி இன்னும் அதை விற்றுக்கொண்டும் இருக்கிறது. அவ்வளவு மனசு இல்லையென்றால் போகட்டும். புதுப் பதிப்பு விற்கும்போது பழையதை இறக்காதீர்கள். வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறவர் மீது வழக்குப் போடாதீர்கள். ரீ3 வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது, நிரல் அதிகாரபூர்வமாக எங்கும் இல்லை. இருபது வருடத்து மறதிகள் அந்த கேம்களில் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ, அவற்றைத் தேடிக்கொண்டிருந்த கண்கள் சில மூடப்பட்டுவிட்டன.

போன வாரம் சைலன்ட்பேட்ச்சைப் போட்டு, பழைய சான் ஆண்ட்ரியாஸைத் திறந்தேன். மூடுபனியோடு, கோரமான பழைய முகங்களோடு. படகுத்துறைக்குப் போனேன். ஸ்கிம்மர் தண்ணீரில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. ஏறி, ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, டஃப் நட் கடைக்கு மேலே முடிந்த அளவு தாழப் பறந்து பார்த்தேன். ஆறு மூலை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டடத்தில் போய் மோதிவிட்டேன்.